அரிசி பொறுக்கும் ரோபோ! மாயவரத்து ஆலைகளில் முறத்தின் இடத்தைப் பிடித்த கேமரா

கடையில் வாங்கும் அரிசி மூட்டையில் என்னவெல்லாம் அச்சடித்திருக்கிறது என்று என்றைக்காவது நிதானமாகப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? பொன்னி, டீலக்ஸ் பொன்னி, இட்லி அரிசி என்று ரகத்தின் பெயர் பெரிதாக இருக்கும். பல மூட்டைகளில் அதற்குக் கீழே 'சார்டெக்ஸ்' என்று ஒரு சொல்லும் இருக்கும். அது நெல் ரகமும் அல்ல, ஊரும் அல்ல. ஓர் இயந்திரத்தின் பெயர்.

நம் பாட்டிமார் காலத்தில் அரிசி வாங்கி வந்தால் அப்படியே உலையில் போட்டுவிட முடியாது. முறத்தில் கொட்டிப் புடைத்து, நாவி, கல், நெல், கருப்பரிசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். மத்தியான நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து முறத்தைப் பார்த்தபடியே ஊர்க்கதை பேசுவது ஒவ்வொரு வீட்டுக் காட்சி. சாப்பிடும்போது பல்லில் கல் கடிபட்டால், அன்றைக்கு அரிசி பொறுக்கியவருக்கு அர்ச்சனை நிச்சயம்!

இன்றைய பிள்ளைகளிடம் 'அரிசி பொறுக்கணும்' என்று சொன்னால், எதற்கு என்று கேட்பார்கள். அந்த வேலை நம் வீட்டைவிட்டுப் போய்விட்டது. எங்கே போனது? மயிலாடுதுறையிலும் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் இருக்கும் அரிசி ஆலைகளுக்குள். இப்போது அதைச் செய்வது யார்? கையும் காலும் இல்லாத, ஆனால் ஏராளமான கண்கள் கொண்ட ஒரு ரோபோ.

விநாடிக்குப் பதினான்காயிரம் அரிசி

ரோபோ என்றதும் 'எந்திரன்' சிட்டி நினைவுக்கு வரலாம். இது அப்படி இருக்காது. பார்ப்பதற்கு ஆள் உயர இரும்பு பீரோ. ஆலைக்காரர்கள் இதைக் 'கலர் சார்ட்டர்' என்பார்கள். சார்டெக்ஸ் என்பது இந்த இயந்திரத்தைச் செய்து பெயர் வாங்கிய இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர். 1993-ல் சுவிட்சர்லாந்தின் பூலர் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. நகல் எடுப்பதையே 'ஜெராக்ஸ்' என்று நாம் சொல்லிப் பழகியதுபோல, எந்த கம்பெனி இயந்திரத்தில் பொறுக்கியிருந்தாலும் வியாபாரத்தில் அது 'சார்டெக்ஸ் அரிசி'தான்.

இது எப்படி வேலை செய்கிறது? மேலே உள்ள தொட்டியில் அரிசி வந்து விழும். அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு தட்டு அதைப் பரப்பி, சரிவான தகட்டில் இறக்கிவிடும். தகட்டில் வழுக்கிக்கொண்டு வரும் அரிசி, அருவி மாதிரி கீழே கொட்டும்போது பிரகாசமான விளக்கு வெளிச்சத்தைக் கடந்து போகும். முன்பக்கம் ஒரு கேமரா வரிசை, பின்பக்கம் ஒரு கேமரா வரிசை. இரண்டும் ஒவ்வொரு அரிசியையும் படமெடுக்கும். இது வெள்ளையா, மஞ்சளா, கருப்பா, வயிற்றில் சுண்ணாம்புப் புள்ளி இருக்கிறதா என்று உள்ளே இருக்கும் கணினி சில மில்லி விநாடிகளில் முடிவு செய்யும். வேண்டாத அரிசி என்றால், அது சரியாகக் கீழே வந்து சேரும் நொடியில் ஒரு சிறிய வால்வு திறந்து 'புஸ்' என்று காற்றை ஊதும். அந்த அரிசி மட்டும் பாதை மாறி வேறு பக்கம் போய் விழும். நல்ல அரிசி நேராகக் கீழே போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இதன் வேகம் புரியும். ஒரு கிலோ அரிசியில் குறைந்தது 50,000 அரிசி இருக்கும். ஒரு டன்னில் 5 கோடி. மணிக்கு ஒரு டன் பொறுக்கினாலே, விநாடிக்கு ஏறக்குறைய 14,000 அரிசியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பெரிய ஆலைகளில் ஓடும் இயந்திரங்கள் மணிக்குப் பல டன் பார்க்கும். எத்தனை பாட்டிகள், எத்தனை முறங்கள் சேர்ந்தால் இது முடியும்?

ஆனால், இந்தக் கண்ணுக்கும் ஒரு குறை உண்டு. ஒரு கெட்ட அரிசியை ஊதித் தள்ளும்போது பக்கத்தில் வரும் இரண்டு மூன்று நல்ல அரிசியும் சேர்ந்து போய்விடும். அதனால் தள்ளப்பட்டதை இன்னொரு முறை இயந்திரத்தில் விட்டு, நல்லதைத் திரும்ப எடுப்பார்கள். கண்டிப்பு அதிகமானால் நஷ்டம் அதிகம். கண்டிப்பு குறைந்தால் கருப்பரிசி மூட்டைக்குள் போய்விடும். அந்த அளவைச் சரியாக வைப்பதுதான் இயந்திரத்தை ஓட்டுபவரின் சாமர்த்தியம்.

இன்னொன்று: கல்லைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த கேமரா அல்ல. அதற்குத் தனி இயந்திரம் உண்டு. சரிவான சல்லடை, அடியில் காற்று, கூடவே குலுக்கல். எடை குறைந்த அரிசி காற்றில் மிதந்து கீழ்ப்பக்கம் வழியும். எடை கூடிய கல் சல்லடையோடு ஒட்டிக்கொண்டு மேல்பக்கம் ஏறும். யோசித்துப் பாருங்கள், முறத்தில் அம்மா நாவியதும் இதே தத்துவம்தான்!

டெல்டாவின் தொழிற்சாலை

'ரோபோ' என்ற சொல்லுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-ல் எழுதிய நாடகத்தில்தான் அது முதலில் வந்தது. கட்டாய உழைப்பு என்று பொருள் தரும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நிஜமான ரோபோ ஒன்று தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது 1961-ல். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சூடான உலோக வார்ப்புகளை எடுத்து வைத்த 'யூனிமேட்' என்ற இரும்புக் கை அது. மனிதர்கள் கை சுட்டுக்கொள்ளும் வேலையை அது எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இரும்புக் கைகளைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் தொழிற்சாலைகளுக்குப் போக வேண்டும். காவிரி டெல்டாவில் அந்த மாதிரித் தொழிற்சாலைகள் வளரவில்லை. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், எண்ணெய் எரிவாயுக் கிணறுகள், உலோக உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் போன்றவை புதிதாக இங்கே வரக் கூடாது என்று சொல்கிறது. நெல் விளையும் மண்ணைக் காப்பாற்றுவதற்கான சட்டம் அது.

அப்படியானால் டெல்டாவின் தொழிற்சாலை எது? அரிசி ஆலைதான். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு மயிலாடுதுறை அருகே சித்தர்காட்டிலும், சீர்காழி பக்கம் எருக்கூரிலும் நவீன அரிசி ஆலைகள் இருக்கின்றன. இவை தவிர, தனியார் ஆலைகள் டெல்டா முழுக்க உண்டு. ஆட்டோமேஷன் என்பது எப்படி வருகிறது, யாருடைய வேலையை எடுத்துக்கொள்கிறது, யாரை விட்டுவைக்கிறது என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். ஒரு நெல்மணியின் பின்னால் போனால் போதும்.

உலக்கைக்காக ஒரு சட்டம்

முதலில் உலக்கை. உரலைச் சுற்றி இரண்டு மூன்று பெண்கள் நின்று, ஒருவர் உலக்கை இறங்கும்போது மற்றவர் உலக்கை ஏற, தாளம் தப்பாமல் குத்துவார்கள். கூலிக்கு நெல் குத்திப் பிழைத்த பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். குத்துக்கூலியாகக் கிடைக்கும் அரிசியும் நொய்யும் தவிடும்தான் பல குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்தது.

பிறகு 'ஹல்லர்' வந்தது. 1880-களில் பிரேசிலில் எங்கெல்பெர்க் என்பவர் வடிவமைத்த இயந்திரம் அது. காப்பிக்கொட்டைக்கும் நெல்லுக்கும் உலகம் முழுக்கப் பரவியது. இரும்பு உருளைக்குள் நெல்லைப் போட்டு உரசினால், உமியும் தவிடும் ஒன்றாகக் கழன்று வரும். வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் அரிசி நிறைய உடைந்தது. தவிட்டோடு உமி கலந்ததால் எண்ணெய் எடுக்கவும் அது உதவவில்லை. இருந்தாலும் ஊருக்கு ஒரு ரைஸ்மில் என்று ஹல்லர் பரவியதும் உலக்கைக்கு ஓய்வு வந்துவிட்டது.

அப்போது அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. கைக்குத்தலைக் காப்பாற்றுவதற்காகவே 1958-ல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அனுமதி இல்லாமல் புது ஆலை தொடங்க முடியாது. அனுமதி கொடுக்கும் முன், இதனால் அந்த வட்டாரத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் வருமா என்றும் பார்க்க வேண்டும். ஒரு இயந்திரம் வருவதற்கு முன்னால் 'இதனால் யாருக்கு வேலை போகும்?' என்று கேட்கச் சொன்ன சட்டம்! செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று உலகம் கேட்கும் கேள்வியை, நாம் உலக்கைக்காக அன்றே கேட்டிருக்கிறோம். ஆனால், அந்தச் சட்டத்தால் உலக்கையைக் காப்பாற்ற முடியவில்லை. 1997-ல் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஆடுதுறை 27 கொண்டுவந்த தலைவலி

டெல்டாவில் இயந்திரங்கள் பெருகியதற்கு ஒரு நெல் ரகமும் காரணம் என்றால் நம்புவீர்களா? மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் இருக்கிறது ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். 1922-ல் தொடங்கியது. 1960-களின் நடுவில் இங்கிருந்து வெளிவந்தது ஆடுதுறை 27. ஜப்பானிய ரகத்தையும் நம் ஊர் ரகத்தையும் சேர்த்து உருவாக்கிய குறுகிய காலப் பயிர். 1960-61-ல் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தில் அன்றைய தஞ்சாவூர் மாவட்டமும் ஒன்று என்பதால், புதிய ரகம் மளமளவென்று பரவியது. குறுவையில் அமோக விளைச்சல்!

சிக்கல் அறுவடையில் வந்தது. ஜூன் மாதம் மேட்டூர் தண்ணீரை நம்பி விதைக்கும் குறுவை, வடகிழக்குப் பருவமழை எட்டிப்பார்க்கும் நேரத்தில்தான் அறுவடைக்கு வரும். நனைந்த நெல்லை எங்கே காயவைப்பது? களம் நிறையத் தண்ணீர். மூட்டைக்குள் நெல் சூடேறி முளைவிட்டது, அரிசி கருத்தது.

இந்தத் தலைவலிக்கு மருந்து தேடித்தான் 1967-ல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. இன்று தஞ்சாவூரில் 'நிஃப்டெம்' என்ற பெயரில் இயங்கும் மத்திய அரசின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேர் அதுதான். ஈர நெல்லைக் காப்பாற்றக் கிளம்பிய முயற்சி, இன்று பிள்ளைகள் பி.டெக் படிக்கும் இடமாக வளர்ந்திருக்கிறது.

அந்தக் காலத்தில்தான் ரப்பர் ரோலர் வைத்த நவீன ஆலைகளும் டெல்டாவுக்கு வந்தன. எதிரெதிரே சுழலும் இரண்டு ரப்பர் உருளைகள். ஒன்று வேகமாக, இன்னொன்று சற்று மெதுவாக. இடையில் நுழையும் நெல்லின் உமி மட்டும் சட்டை கழற்றுவதுபோல் கழன்றுவிடும். அரிசி அவ்வளவாக உடையாது, உமியும் தவிடும் தனித்தனியே கிடைக்கும். அரசு கொடுக்கும் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி அல்லது 67 கிலோ பச்சரிசி திருப்பித் தர வேண்டும் என்பது இன்றைக்கு ஆலைகளுக்கு உள்ள கணக்கு. பழைய ஹல்லரை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எட்டுவது பெரும்பாடு.

களத்தில் நடந்த கால்கள்

அரிசி ஆலை என்றால் டெல்டாக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது புகைபோக்கியும் அகலமான சிமென்ட் களமும்தான். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, அவித்து, களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். பழைய முறையில் பச்சைத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஊறும். அதனால்தான் சில புழுங்கல் அரிசியில் ஒரு புளித்த வாடை வீசும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், சுமார் 70 டிகிரி வெந்நீரில் நான்கு மணி நேரத்துக்குள் ஊறவைத்து முடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வாடை போனது, நாள் கணக்கு மணிக் கணக்கானது.

அவித்த நெல்லைக் காயவைத்தது யார்? பெரும்பாலும் பெண்கள். கொளுத்தும் வெயிலில், சுடும் சிமென்ட் தரையில், காலால் கோடு போட்டுக்கொண்டே நடந்து நெல்லைக் கிளறிவிடுவார்கள். ஒரே மூச்சில் வேகமாகக் காயவைத்தால் அரிசியில் விரிசல் விழும், அரைக்கும்போது நொறுங்கிவிடும். அதனால் கொஞ்சம் காய்ந்ததும் குவித்து மூடி, ஆறவிட்டு, மறுபடி பரப்ப வேண்டும். பதம் வந்துவிட்டதா என்று ஒரு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த 'டக்' சத்தம்தான் அவர்களுடைய ஈரப்பதமானி.

இன்றைக்குப் பெரிய ஆலைகளில் அந்த வேலையை டிரையர் செய்கிறது. ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு உயர்ந்த இரும்புக் கோபுரத்தில் நெல் மேலிருந்து கீழே இறங்க, வெந்காற்று குறுக்கே பாயும். அதற்கான நீராவியைத் தருவது அதே நெல்லின் உமி. நெல் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமிதான் என்பதால் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. மழை பெய்தாலும் ஆலை ஓடும். சாம்பல் பறந்து அக்கம்பக்கத்து வீடுகளில் விழுவது மட்டும் புதிய பிரச்னை.

டிரையர் வந்தபோது, வெயிலில் கால் கொப்பளிக்க நடந்த கொடுமை முடிந்தது. அந்த நடைக்குக் கிடைத்த கூலியும் கூடவே முடிந்தது. இரண்டும் உண்மை. அந்தப் பெண்கள் நூறு நாள் வேலைக்கும், வயல் வேலைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போனார்கள். டிரையரை ஓட்ட ஆலைக்குள் போனவர்கள் அவர்கள் அல்ல, பெரும்பாலும் ஐ.டி.ஐ படித்த ஆண்கள்.

ஒரு இயந்திரம் இன்னொன்றை அழைக்கும்

வயலுக்குத் திரும்புவோம். கையால் அறுத்த காலத்தில், அரிந்த தாள் வயலிலேயே ஒரு நாளாவது கிடந்து காயும். பிறகு கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்து, தூற்றி எடுப்பார்கள். நெல் ஓரளவு காய்ந்தே மூட்டைக்குள் போகும். இன்று டெல்டாவில் அறுவடை என்றால் கதிர் அறுக்கும் இயந்திரம்தான். சேற்று வயலில்கூட இறங்கும் செயின் வண்டி ஒரு பக்கம் அறுத்து மறு பக்கம் நெல்லைக் கொட்டிவிடும். சில நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. ஆனால், தாளில் கிடந்து காய வேண்டிய ஈரம் அப்படியே நெல்லில் தங்கிவிடுகிறது.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகிதம் வரைதான் ஈரப்பதம் இருக்கலாம் என்பது மத்திய அரசின் விதி. மழைக்கால அறுவடையில் இயந்திரம் கொட்டும் நெல்லில் இது 20-ஐத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான் ஒவ்வொரு குறுவையிலும் சாலையோரம் நெல்லைக் கொட்டிவைத்து வானத்தைப் பார்க்கும் விவசாயிகளின் படங்கள் செய்திகளில் வருகின்றன. ஈரப்பத அளவைத் தளர்த்துங்கள் என்று தமிழ்நாடு அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது.

ஈர நெல் சாக்கில் தேங்கினால் அரிசி கருக்கும், மஞ்சளாகும். ரேஷன் அரிசியில் கருப்பரிசி வருகிறது என்ற புகாரின் ஆரம்பம் பல நேரங்களில் இங்கேதான். அந்தக் கருப்பைப் பொறுக்கி எடுக்க ஓர் இயந்திரம் வேண்டும். அரசு ஆலைகளிலும், அரசுக்கு அரைத்துத் தரும் தனியார் அரவை ஆலைகளிலும் கலர் சார்ட்டர் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-லிருந்து அழுத்தம் கொடுத்ததற்கு இதுதான் காரணம். முன்பு பணம் கொடுத்து வாங்குபவருக்கு மட்டும் கிடைத்த பொறுக்கிய அரிசி, விலையில்லா அரிசி வாங்கும் வீட்டுக்கும் போக ஆரம்பித்தது. இயந்திரத்தால் வந்த நல்ல மாற்றங்களில் இதை முதலில் வைக்கலாம்.

ஆனால் சங்கிலியைக் கவனியுங்கள். குறுகிய காலப் பயிர் டிரையரைக் கேட்டது. கதிர் அறுக்கும் இயந்திரம் இன்னும் பெரிய டிரையரைக் கேட்டது. டிரையர் போதாமல்போன இடத்தில் கருத்த அரிசி, கேமராவைக் கேட்டது. ஒரு இயந்திரம் விட்டுவைத்த வேலையைச் செய்ய அடுத்த இயந்திரம் வருகிறது. சங்கிலியின் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால், அந்த நஷ்டம் பெரும்பாலும் விவசாயியின் தலையில்தான் விழுகிறது.

கண்ணுக்கு வந்த இயந்திரம் முதுகுக்கு வரவில்லை

இவ்வளவு ஆட்டோமேஷனுக்கு நடுவே, கொள்முதல் நிலையத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். 40 கிலோ நெல் மூட்டையைத் தலையிலும் முதுகிலும் தூக்கி, சரிவான பலகையில் ஏறி, லாரியில் அடுக்குவது இன்றும் மனிதர்கள்தான். ஒரு நாளில் ஒருவர் நூறு மூட்டை தூக்கினால் 4,000 கிலோ. கழுத்து எலும்பு, முதுகுத்தண்டு, மூட்டு என்று உடம்பு தேயும் வேலை இது.

மூட்டை அடுக்கும் ரோபோக் கைகள் உலகத்தில் இல்லையா? இருக்கின்றன. சிமென்ட், உரம், சர்க்கரை ஆலைகளில் சளைக்காமல் அடுக்குகின்றன. இங்கே ஏன் வரவில்லை? கொள்முதல் நிலையம் என்பது பல இடங்களில் தார்ப்பாய் போட்ட திறந்தவெளி. ஆண்டில் சில மாதம்தான் வேலை. ஆளைக் கூப்பிட்டால் வருகிறார்; இயந்திரத்துக்குப் போடும் முதலைவிட மனித முதுகு மலிவாக இருக்கிறது.

அதாவது, எந்த வேலை மனிதருக்குக் கஷ்டமோ அதைத் தேடி இயந்திரம் வருவதில்லை. எந்த வேலையில் போட்ட பணம் சீக்கிரம் திரும்புமோ அங்கேதான் முதலில் வருகிறது. உட்கார்ந்து கண்ணால் செய்த வேலைக்கு விலை உயர்ந்த ரோபோ வந்துவிட்டது. முதுகொடியும் வேலைக்கு ஒரு சாதாரண கன்வேயர் பெல்ட்கூடப் பல இடங்களில் வரவில்லை. ரோபோ வேலையைப் பறித்துவிடும் என்று பயப்படும் நாம், ரோபோ வந்தே ஆக வேண்டிய வேலைகளும் இருக்கின்றன என்பதைச் சேர்த்துப் பேச வேண்டும். கூடவே, அந்தத் தொழிலாளிக்கு மாற்று வேலை என்ன என்ற 1958-ம் ஆண்டுக் கேள்வியையும்.

கேமராவுக்குத் தெரியாதது

கலர் சார்ட்டருக்கு நிறம் தெரியும், சத்து தெரியாது. வெள்ளையாக, பளபளவென்று, ஒரே அளவில் இருப்பதுதான் நல்ல அரிசி என்று அதற்கு நாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். தீட்டத் தீட்ட அரிசி வெளுக்கும். தவிட்டோடு பி வைட்டமின்களும் போகும். 1890-களில் ஜாவா தீவில் டச்சு மருத்துவர் எய்க்மேன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு நரம்புத் தளர்ச்சி வருவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் தெளிவதையும் கண்டுபிடித்தார். 'பெரிபெரி' நோயின் மர்மம் அப்படித்தான் அவிழத் தொடங்கியது. அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர்ப் புழுங்கல் முறையில், அவிக்கும்போதே தவிட்டிலுள்ள சத்து கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அந்த வகையில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள்.

அரிசியில் சத்தைச் சேர்க்க இன்னொரு இயந்திரம் வந்தது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து, அரிசி வடிவிலேயே அச்சில் பிழிந்து எடுக்கும் 'செறிவூட்டப்பட்ட அரிசி', 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் ரேஷன் அரிசியில் கலக்கப்பட்டது. களையும்போது சில அரிசி மட்டும் வேறு நிறத்தில் மிதப்பதைப் பார்த்து, 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தி இதனால் வந்ததுதான்.

கேமராவுக்குத் தெரியாத இன்னொன்று, பாரம்பரிய ரகம். மாப்பிள்ளைச் சம்பா சிவப்பு, கருப்புக் கவுனி கருப்பு. வெள்ளை அரிசிக்கு அமைத்த இயந்திரத்தில் இவை எல்லாமே 'கழிவு'! அளவை மாற்றி அமைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் பத்து மூட்டை நெல்லுக்காகப் பெரிய ஆலை தன் வரிசை முழுவதையும் சுத்தம் செய்து ஓட்டாது. நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுத் திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் 2018-ல் மறைந்தார். அவர் விதைத்த ஆர்வத்தால் இன்று பல இளைஞர்கள் அந்த ரகங்களைப் பயிரிடுகிறார்கள். அவர்கள் படும் பாடு விளைவிப்பதில் இருப்பதைவிட அரைப்பதில் அதிகம். பக்கத்து ஊர் ரைஸ்மில் மூடிக் கிடக்கிறது. பெரிய ஆலை இவர்கள் நெல்லைத் தொடாது.

அந்தச் சின்ன மில்கள் மூடியதால் இன்னொரு வினோதமும் நடக்கிறது. முன்பெல்லாம் விவசாயி வீட்டில் சாப்பாட்டுக்கென்று தனியாக நெல் எடுத்துவைத்து, பத்தாயத்தில் கொட்டி, வேண்டும்போது அவித்து அரைத்துக்கொள்வார்கள். இன்று டெல்டாவில் பல விவசாயிகள் விளைந்த நெல் முழுவதையும் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்குக் கடையில் மூட்டை அரிசி வாங்குகிறார்கள். அதன் மேல் 'சார்டெக்ஸ்' என்று அச்சடித்திருக்கிறது!

வழி இல்லாமல் இல்லை. வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் சிறிய ரப்பர் ரோலர் இயந்திரங்கள் வந்துவிட்டன. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களோ மகளிர் சுயஉதவிக் குழுக்களோ ஊருக்கு ஒன்று வைத்து, உமி மட்டும் நீக்கிய அரிசியாகவே விற்க முடியும். களத்தில் நடந்த பெண்களின் கைக்கே இயந்திரம் போய்ச் சேர்ந்தால், அதுவும் ஆட்டோமேஷன்தான். இயந்திரம் யாருடைய கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அரிசி வாங்கும்போது கவனியுங்கள்

* 'சார்டெக்ஸ்' என்றால் நிறம் பார்த்துப் பொறுக்கியது என்று மட்டும்தான் அர்த்தம். புதிய அரிசியா பழையதா, எவ்வளவு தீட்டியது என்பதை அது சொல்லாது.

* கண்ணைப் பறிக்கும் வெள்ளை, சத்துக்கு அடையாளம் அல்ல. அன்றாடச் சாப்பாட்டுக்குப் புழுங்கலோ, குறைவாகத் தீட்டிய அரிசியோ நல்லது.

* தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். மாதக் கணக்கில் சேர்த்துவைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

* ரேஷன் அரிசியில் மிதக்கும் வேறு நிற அரிசியைப் பார்த்ததும் பொறுக்கி எறிய வேண்டாம். அது சத்து சேர்த்த அரிசியாக இருக்கலாம். பல தண்ணீர் விட்டு அலசாதீர்கள். சத்து கொஞ்சம் தண்ணீரோடு போகலாம்.

* கருப்பும் மஞ்சளுமாக நிறைய இருந்தால், பூஞ்சை வாடை வந்தால், தயங்காமல் கடையில் காட்டி மாற்றிக் கேளுங்கள். பொறுக்கும் இயந்திரம் ஓடியும் அப்படி வந்தால், எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த முறை சோறு வடிக்கும்போது, அதில் ஒரு கல்லோ நெல்லோ தட்டுப்படாவிட்டால், அந்த இரும்புக் கண்ணுக்கு ஒரு நன்றி சொல்லலாம். அந்த மூட்டையை லாரியில் ஏற்றிய தோளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சொல்லலாம்.